மேனேஜர் பற்றிய ரகசிய அறிக்கை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். இடது கணுக்கால், வலது கட்டைவிரல், மூக்கு ஆகிய மூன்றும் நீங்கலாக நலம். அங்கு தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் எந்த உறுப்பும் விடுபடாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் தங்கை மிக மிக நலம். அவள் நலத்துக்கு எந்தக் காலத்தில் குறைச்சல் வந்தது?

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். எனக்கு ரகசியம் எழுதத் தெரியும், ரகசியம் பேசத் தெரியாது. நான் போனில் மெதுவாகப் பேசினால் தெருமுனை வரைக்கும்தான் கேட்கும் என்று உங்கள் தங்கையே சொல்லியிருக்கிறாள். ஆகவே ஐந்து பக்கம் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யாரோ ஒருவர் வந்து மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் தாங்கள் உங்கள் தங்கையிடம் பேசி, அவள் மனதை மாற்றியாக வேண்டும். மேனேஜர் யார், அவரை யார் எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், அதற்கும் என் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம். அது தங்கள் விருப்பம்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் ஊழியர் பிரிவின் தலைமை எழுத்தராக இருந்து, இருநூறு பேருக்கு வருடம் தவறாமல் ரகசிய அறிக்கை எழுதியவன் நான். யார் எத்தனை மணிக்கு வருகிறார், யார் வேலை செய்கிற மாதிரி நடிக்கிறார், யாரை நம்பிச் சாவியைக் கொடுக்கலாம் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேனேஜர் மேசைக்கு அனுப்புவேன். பதினோரு மேனேஜர்கள் வந்து போனார்கள். நான் மட்டும் ஆகவில்லை. அப்படிப்பட்டவனை ஒரு திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் சும்மா உட்கார் என்றால் எப்படி உட்காருவான்? சமையலறை டப்பாக்களுக்கு எண் போட்டேன். நான்கு சர்க்கரை, ஐந்து உப்பு என்று பட்டியல் தயாரித்துக் கதவில் ஒட்டினேன். பட்டியலைப் பிரதி எடுக்கும்போது ஒரு சின்னப் பிழை நேர்ந்து, வீட்டுக்கு வந்த இரண்டு விருந்தாளிகள் உப்புப் போட்ட காபியை மரியாதைக்காக முழுதும் குடித்தார்கள். பிறகு, உங்கள் தங்கை காய்கறி வாங்கப் போனால் எத்தனை நிமிடத்தில் திரும்புகிறாள் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். சந்தேகம் எல்லாம் இல்லை மச்சான், வெறும் பழக்கதோஷம். அந்த நோட்டு அவள் கையில் சிக்கிய மறுநாள் காலை, என் காபிக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது.

‘பிராணிகள் காப்பகத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை. உங்களால் முடிந்த வழியில் உதவலாம்’ என்று அச்சடித்து, கீழே ஆறு வழிகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். நாய்களை நடக்கக் கூட்டிப்போவது, போர்வைகளைத் துவைத்து மடிப்பது, பயந்த பூனைகளுக்குப் புத்தகம் வாசிப்பது, போனுக்குப் பதில் சொல்வது, தத்துக் கொடுப்பதற்கான அறிவிப்பு எழுதுவது, ஆறாவதாக வீட்டில் இடம் தருவது.

“ஏங்க, இதுல எது புடிச்சிருக்கோ அதுல டிக் பண்ணுங்க. மொதல் அஞ்சையும் பண்ணினாக்கூட எனக்குச் சந்தோஷம்தான்” என்றாள் உங்கள் தங்கை.

“ஆறாவது?”

“நாலு காலோட எது வந்தாலும் வாசலோட நிக்கணும். வீட்டுல கட்டில் இருக்கு, நாற்காலி இருக்கு. போதும்.”

தன்னார்வலர் என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஆனால் இதில் ஆர்வம் முழுவதும் உங்கள் தங்கையுடையது என்பதைத் தாங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நான் ஒழுங்குமுறை உள்ள மனிதன். ஒன்றாவது கட்டத்திலிருந்து தொடங்கினேன். காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா, குட்டை முடியும் பெரிய சாவிக்கொத்துமாக எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவர், என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டு, தலையணை அளவில் வெள்ளையாக ஒரு நாயைக் கொடுத்தார். அதன் பெயர் பஞ்சு. பெயரை நம்பி வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். கேட்டைத் தாண்டும்வரை பஞ்சு என் பக்கத்தில் வந்தது. தாண்டியதும் நான் பஞ்சுக்குப் பின்னால் போனேன். மருந்துக்கடை, செருப்புக்கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் என்னைக் கடந்து போயின. முடிதிருத்தும் கடை வாசலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அது உள்ளே ஓட, பஞ்சு உள்ளே ஓட, நானும் உள்ளே ஓடினேன். சுழல் நாற்காலியை மூவரும் இரண்டரைச் சுற்றுச் சுற்றி, அதில் பாதி மழித்த கன்னத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவரை வாரினால் கட்டிப் போட்டுவிட்டோம். கடைக்காரர் கத்தியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சார், வரிசையில வாங்க சார், எல்லாருக்கும் வெட்டி விடுறேன்” என்றார். இடது கணுக்கால் அங்கே பிசகியது. நான் முடிச்சை அவிழ்த்து, மன்னிப்புக் கேட்டு, நொண்டிக்கொண்டு காப்பகத்துக்குத் திரும்பினால், பஞ்சு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே தானாக வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, தூங்கிக்கொண்டிருக்கிறது. கூண்டுகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஊழியர் ஒருவர் உண்டு, எல்லாரும் அவரைப் பைப்புக்காரர் என்பார்கள். அவர் வருகைப் பதிவேட்டில் ‘போனது இரண்டு, வந்தது ஒன்று, சார் இன்னும் வரவில்லை’ என்று எழுதி வைத்திருந்தார்.

இரண்டாவது கட்டம் போர்வை. இது என் துறை என்று நினைத்தேன். நாற்பது போர்வைகளைத் துவைத்து, உலர்த்தி, மூலைக்கு மூலை மடித்து, பத்துப் பத்தாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று சீட்டு ஒட்டி, அலமாரியை மூடினேன். கால் மணி நேரம் கழித்து, சிவப்புப் பூனை ஒன்றைக் காணவில்லை என்று காப்பகமே அல்லோலகல்லோலப்பட்டது. நான் சும்மா இருப்பேனா? தேடுவதற்குத் தலைமை தாங்கினேன். இடங்களைப் பட்டியலிட்டு, ஆளுக்கு ஒரு திசை கொடுத்து, பைப்புக்காரரைக் கூரை மேல் ஏற்றினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ‘சரிபார்க்கப்பட்டது’ மூன்றாம் அடுக்கு கொட்டாவி விட்டது. அலமாரிக்குள் கையை விட்டேன். வலது கட்டைவிரல் அங்கே போயிற்று. பொறுப்பாளர் அம்மா என் சீட்டை உரித்து என் சட்டையில் ஒட்டினார்.

மூன்றாவதாகப் பூனைகளுக்கு வாசிப்பது. சிரிக்காதீர்கள் மச்சான். மனிதர்களைக் கண்டால் கட்டிலுக்கடியில் பதுங்கும் பூனைகள் ஒன்பது ஒரு அறையில் இருக்கின்றன. அங்கே தினமும் யாராவது உட்கார்ந்து நிதானமாக எதையாவது சத்தம் போட்டு வாசித்தால், மனிதக் குரலுக்குப் பழகி மெல்ல வெளியே வருமாம். எல்லாரும் கதைப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். என்னிடம் இருந்தது அலுவலக விடுப்பு விதிகள், திருத்திய பதிப்பு. அதையே வாசித்தேன். ‘முன் அனுமதி பெறாமல் எடுக்கப்படும் அரை நாள் விடுப்பு’ என்ற பகுதியில் முதல் பூனை வெளியே வந்தது. மருத்துவ விடுப்புக்கு வரும்போது ஒன்பதும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. முப்பத்தொரு வருடத்தில் அந்த விதிகளை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. தொண்டை வறண்டு ஒரு நிமிடம் நிறுத்தினேன், மடியில் இருந்த கிழட்டுப் பூனை எட்டி மூக்கில் ஓர் அறை விட்டது. மூக்கின் கதை அவ்வளவுதான். ஆனால் அன்று பொறுப்பாளர் அம்மா என்னை முதல் தடவையாக மரியாதையாகப் பார்த்தார்.

நான்காவதான போன் வேலை அரை நாளில் முடிந்துவிட்டது. கூப்பிட்டவர்களை எல்லாம் கோரிக்கையை எழுத்து மூலம் இரண்டு பிரதிகளில் அனுப்பச் சொன்னேன். அதில் என்ன தவறு என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

ஐந்தாவதில்தான் என் நல்ல காலமும் கெட்ட காலமும் சேர்ந்து வந்தன. தத்துக் கொடுப்பதற்கான அறிவிப்புகளை வாசலில் ஒரு பலகையில் ஒட்டுவார்கள். அதுவரை எழுதியிருந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘ஹாய்! நான்தான் உங்கள் செல்லக்குட்டி! என்னை வீட்டுக்குக் கூட்டிப்போவீர்களா?’ என்று ஒரு நாய் பேசுகிறது. அந்த நாய் அதற்கு முந்தைய வாரம் இரண்டு பேரைக் கடித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுத உட்கார்ந்தேன். ‘பெயர்: பஞ்சு. பணிக்காலம்: எட்டு மாதம். உழைப்பு: தேவைக்கு மேல். மேலதிகாரிகளிடம் நடத்தை: இழுத்துக்கொண்டு போகும், கீழே கையெழுத்திட்டவனின் கணுக்கால் சாட்சி. ஓடத் தெரிந்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.’ சிவப்புப் பூனைக்கு, ‘அனுமதியற்ற இடங்களில் உறங்கும். அலமாரியை மூடுமுன் எண்ணிப் பார்க்கவும். எழுப்பினால் வருத்தம் தெரிவிக்கும்.’ இனி ஒருவரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று பைப்புக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர் ஒருவர் வந்து பஞ்சுவைக் கூட்டிப்போனார். அவர் முன்னால் ஓட, பஞ்சு மூச்சு வாங்கப் பின்னால் ஓடிய காட்சியை என் கணுக்கால் மறக்காது. சிவப்புப் பூனையை ஜவுளிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் ஏழு பிராணிகள் வீடு போய்ச் சேர்ந்தன. குறையைச் சொன்னால் மக்கள் நம்புகிறார்கள் மச்சான்.

இப்போது மேனேஜர். காப்பகத்தின் கேட்டுக்கு உள்ளே, வேப்பமரமோ வேறு எதுவோ ஒரு மரத்தடியில், பதினோரு வயதில், ஒரு காது மடங்கிய, மண் நிற நாய் ஒன்று படுத்திருக்கும். மற்றவர்கள் எல்லாரும் ஓடி ஓடி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கும், தான் ஒன்றும் செய்யாது. அதனால் பைப்புக்காரர் வைத்த பெயர். வீடு மாற்றிப் போன ஒரு குடும்பம் கட்டில், பீரோ எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவரை மட்டும் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டதாம். மேனேஜர் என்று பெயர் இருக்கும்போது ‘அது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்கவும். பதினோரு மேனேஜர்களிடம் தப்பித்து வந்தால் பன்னிரண்டாவதாக இங்கே ஒருவரா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. அவரை நடக்கக் கூட்டிப்போகும் வேலையைக் கணுக்காலை உத்தேசித்து எனக்குக் கொடுத்தார்கள். பின்னங்கால்கள் வலுவில்லாதவர். மரத்திலிருந்து சுவர் வரை நாற்பது அடி நடப்பார், அதோடு அன்றைய சுற்றுப்பயணம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார். நானும் உட்காருவேன். வேறு என்ன செய்வது? பேசாமல் இருப்பதற்குப் பதில் அலுவலக விஷயங்களைச் சொல்வேன். ஐந்தாவது மேனேஜர் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை எப்படி மடக்கினார் என்பதை முழுதும் கேட்டார். நடுவில் எழுந்து போகவில்லை. கேட்டு முடித்ததும் என் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். முப்பத்தொரு வருடத்தில் எந்த மேனேஜரும் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை மச்சான். மறுநாள் நான் கேட்டைத் திறந்தபோது, ஒன்றுக்கும் எழுந்திருக்காதவர், முன்கால்களை ஊன்றி, பின்னங்கால்களை இழுத்து, தடுமாறி எழுந்து நின்றார். எனக்காக ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று பைப்புக்காரரிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து அவரை விட்டுப் பிரிய மனமில்லை. வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்றால் உங்கள் தங்கையின் சட்டம் குறுக்கே நிற்கிறது. சரி, தினமும் இங்கே வந்து பார்த்துக்கொண்டால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் பொறுப்பாளர் அம்மா, “சார், மேனேஜருக்கு மட்டும் நீங்க இன்னும் எழுதவே இல்லையே?” என்று கேட்டார். நான் இரண்டு நாள் பேனாவைத் தொலைத்தேன், ஒரு நாள் கண்ணாடியைத் தொலைத்தேன். பிறகு வழியில்லாமல், யாரும் எட்டிக்கூடப் பார்க்காதபடி ஒரு அறிக்கை எழுதிவிடுவது என்று முடிவு செய்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அஃறிணையில் எழுதினேன். அதை அப்படியே தருகிறேன்.

‘பெயர்: மேனேஜர். வயது: பதினொன்று. உழைப்பு: இல்லை. ஆர்வம்: இல்லை. காவல் திறமை: திருடன் வந்தால் வாலை ஆட்டும், அதுவும் சிரமப்பட்டு. ஒரு படிகூட ஏறாது. இடது காது கேட்காது. வலது காது கேட்கும், கேட்டதாகக் காட்டிக்கொள்ளாது. பந்தை எறிந்தால் பந்தைப் பார்க்கும், பிறகு எறிந்தவரைப் பார்க்கும். செய்யும் ஒரே வேலை, பக்கத்தில் உட்காருவது. எந்த வீட்டுக்கும் எந்தப் பயனும் இல்லை. பரிந்துரைக்கப்படவில்லை.’

பொறுப்பாளர் அம்மா படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “உண்மையைத்தான் எழுதியிருக்கேன்” என்றேன். ஒட்டினார்கள். ஒரு வாரம் நிம்மதி. அந்த வாரத்தில் ஒரு நாள் நான் கண்ணாடியை நிஜமாகவே வீட்டில் மறந்துவிட்டு வந்து, உங்கள் தங்கை அதைக் கொடுக்கக் காப்பகத்துக்கு வந்தாள். நான் வருவதற்குள் அறிவிப்புப் பலகை முன்னால் பத்து நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். “இத யாரு எழுதினது?” என்றாள். “நான்தான்” என்றேன். “தெரியுது” என்றாள். அவ்வளவுதான். கட்டிய கணவனின் எழுத்தைப் படித்துவிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா? உங்கள் வீட்டில் வளர்த்த விதம் என்று நான் சொல்லமாட்டேன், நினைத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை இடி விழுந்தது. “சார், மேனேஜருக்கு வீடு கிடைச்சாச்சு! சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிட்டுப் போறாங்க” என்று பொறுப்பாளர் அம்மா சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் என்று கேட்டால் சொல்லக்கூடாதாம். முன்பு ஒரு தன்னார்வலர் தான் பழகிய நாயைத் தத்தெடுத்தவரின் வீட்டு ஜன்னலில் தினமும் எட்டிப் பார்த்துப் போலீஸ் வரை போனதால், கையில் ஒப்படைக்கும் நேரம்வரை பெயரைச் சொல்வதில்லை என்று விதி. விதி என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்பது அவருக்குத் தெரியும். கெஞ்சியதில், “ஒரு அம்மா சார். வீட்டுல படிக்கட்டே கிடையாது. பகல் பூரா ஆள் இருக்கு. ஒரு பெரியவர் இருக்காராம், சதா முணுமுணுன்னு இருப்பாராம், மத்தபடி கெட்டவர் இல்லையாம்” என்றார். அந்த முணுமுணுப்புக் கிழவனை நான் கண்ணால் கண்டதில்லை மச்சான், ஆனால் மனதார வெறுக்கிறேன். என் மேனேஜர் அந்த ஆளின் புலம்பலையெல்லாம் கேட்டுக்கொண்டு அவன் செருப்பில் தாடையை வைப்பாரா? இத்தனைக்கும் யாரும் வாங்காதபடி எழுதியவன் நான். ஏழு பிராணிகளைக் குறை சொல்லியே வீடு சேர்த்தவன், எட்டாவதைக் குறை சொன்னால் மட்டும் எப்படி இங்கேயே இருக்கும் என்று நம்பினேன்? என் புத்தியை என் செருப்பாலேயே அடித்துக்கொள்ளலாம், ஆனால் அதன் மேல் அவர் தலை வைத்துப் படுத்திருக்கிறார்.

வேறு யாராவது முன்வந்தால், அதுவும் பழகிய தன்னார்வலர் என்றால், அவருக்கே முன்னுரிமை என்று இன்னொரு விதி இருக்கிறது. அதற்கு வீட்டில் இருக்கும் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாரும் என்றால் உங்கள் தங்கை. அவளிடம் எப்படிக் கேட்பேன்? கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சின்ன வயதில் உங்கள் வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்ததாம். அது செத்த பிறகு நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம், தாங்கள்தான் ஊட்டிவிட்டீர்களாம். “இனிமே எதையும் வளக்க மாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்” என்றாள். அதன் பிறகு முப்பத்து மூன்று வருடமாக அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான் எப்படி மேனேஜரைக் கொண்டுவந்து நிறுத்துவேன்? அவருக்கும் வயது பதினொன்று. அவளை அழவைக்கப் போகிற ஒன்றை நானே கையைப் பிடித்துக் கூட்டிவருவது நியாயமா? தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அவள் தாங்கள் சொன்னால் கேட்பாள்.

அதிலும் இப்போது அவள் போக்கே சரியில்லை. கூடம் முழுக்க ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறாள். ஏன் என்றால், “வயசாச்சுல்ல, வழுக்கி விழுந்தா என்ன பண்றது?” என்கிறாள். என்னை ஒரேயடியாகக் கிழவனாக்கிவிட்டாள். என் பழைய கம்பளியைக் காணோம். கனமான கிண்ணம் இரண்டு வாங்கி வந்து சமையலறைத் தரையில் வைத்திருக்கிறாள். இனி எனக்கு அதில்தான் சாப்பாடு போலிருக்கிறது. நேற்று டேப்பை எடுத்துக்கொண்டு என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையை அளந்தாள். என்ன என்றேன். “உங்க வேலையப் பாருங்க” என்றாள். இந்த மனநிலையில் இருப்பவளிடம் நான் போய் நாய் என்று வாயைத் திறந்தால் என்னையும் வாசலோடு நிறுத்திவிடுவாள். ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்குப் போன் செய்து, பக்குவமாக, நான் சொன்னதாகத் தெரியாமல், மேனேஜரைப் பற்றி எடுத்துச் சொல்லவும். இந்த ஒரு உதவியைச் செய்தால், தாங்கள் என் கல்யாணத்தில் என்னைப் பார்த்து ‘இந்த ஆளா?’ என்று கேட்டதை மறந்துவிடுகிறேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசிகளையும், இடையில் இருப்பவர்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அதையும் தெரிவிக்கவும். எல்லாரும் நோய்நொடியின்றி, படிக்கட்டு ஏற முடிந்தவர்களாக நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கையொப்பத்துக்குக் காத்திருக்கும்
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு, சனிக்கிழமை மதியம்:

மேலே எழுதியது எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். வியாழக்கிழமை இதை உறையில் போட்டு ஒட்டி வைத்தேன். “அந்தப் பக்கமாத்தான் போறேன், குடுங்க, நானே அனுப்பிடுறேன்” என்று உங்கள் தங்கை வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை முழுதும் உங்கள் போனுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. இன்று காலை, அந்த முணுமுணுப்புக் கிழவனை ஒரு கை பார்த்துவிடுவது என்று சட்டை மாற்றிக்கொண்டு ஒன்பதரைக்கே காப்பகம் போனேன். வரவேற்பறையில், தத்தெடுக்க வந்தவர் உட்காரும் நாற்காலியில், பிரித்த உறையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“எங்க அண்ணனுக்கு அஞ்சு பக்கம் எழுதத் தெரியுது. அடுத்த ரூம்ல இருக்கிற எனக்கு ஒரு வரி சொல்லத் தெரியல” என்றாள்.

அவள் காலடியில் படுத்திருந்த மேனேஜர் எழுந்து நின்றார், ஆனால் எனக்காகவா அவளுக்காகவா என்று சரியாகத் தெரியவில்லை.

“லெட்டரப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“‘செய்யும் ஒரே வேலை, பக்கத்தில் உட்காருவது’ன்னு எழுதினீங்களே. ஆகாத ஒருத்தரப் பத்தி அப்படி எழுதுவாங்களா? இங்க வர்ற டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன். நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருக்குமாம். அப்புறம் அழத்தான் வேணும். அழுதுக்கலாம். இந்தத் தடவை என்கூட அழுறதுக்கு நீங்க இருக்கீங்கல்ல” என்றாள்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் தூசியைத் துடைக்க வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பொறுப்பாளர் அம்மா என் மனைவி நிரப்பிய விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து, ஊழியர் பிரிவில் இருந்தவர் என்ற முறையில் சரிபார்த்து, என் கையெழுத்தையும் போடச் சொன்னார். ‘வீட்டில் ஏற்கெனவே பிராணிகள் உண்டா? குணம் என்ன?’ என்ற கேள்விக்கு அவள் எழுதியிருந்தது:

‘ஒன்று உண்டு. ஆண். வயது அறுபத்தொன்று. கடிக்காது, குரைக்கும். கூப்பிட்ட உடனே வராது, பசித்தால் வரும். பழைய இடத்தை மூன்று வருடமாக மறக்க முடியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் சரியாகிவிடும். அதற்காகத்தான் இந்த விண்ணப்பம். பரிந்துரைக்கப்படுகிறது.’

அடியில், ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை எனச் சான்றளிப்பவர்’ என்ற இடத்தில், எட்டு நாட்களுக்கு முந்தைய தேதியில், மச்சான், தங்கள் கையெழுத்து இருந்தது.

குரைக்கும் என்ற வார்த்தையையாவது தாங்கள் அடித்திருக்கலாம். இந்தப் பக்கத்தை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பளி விரித்தும் பயனில்லை. படி ஏறமாட்டார் என்று நான் எழுதியது உண்மை, நாற்காலி ஏறமாட்டார் என்று எழுதவில்லை.